கொக்குக்கால் சப்பாத்து

யாராவது ஒரு சப்பாத்தைக் கொண்டுவந்து, "இது உங்கடைதானோ?" என்று கேட்டால் போதும், அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவிவிட்டு எழுந்து வருவார். சப்பாத்தை வாங்கி முதலில் அடியைத் திருப்பிப் பார்ப்பார். பிறகு பெருவிரலால் தையலைத் தடவுவார். பிறகு, ஆட்கள் நிற்கிறார்களே என்ற கூச்சம் துளியும் இல்லாமல், மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்ப்பார். எல்லாம் சரியென்றால் முகம் மலர்ந்துபோகும். "எங்கடைதான்," என்பார். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவருக்கு வந்த சந்தோசம் தன் பிள்ளைகள் பிறந்தபோதுகூட வரவில்லை என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். பிற்காலத்தில் அவள் அதைச் சொல்வதை விட்டுவிட்டாள்.

அவர் என் மூத்த அக்காவின் கணவர். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் உரும்பிராயில் இன்னும் சிலருக்கு வயிறு எரியும். எனக்கும் எரியும்.

கொழும்பில் ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையில் பதினாலு வருடம் வேலை பார்த்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வீடு போய், அகதி முகாமில் இருந்து, கப்பலில் ஏறி, காங்கேசன்துறையில் வந்து இறங்கினார்கள். அக்கா இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்திருந்தாள். அத்தான் ஒரு சாரத்தில் எதையோ சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். நகையாக்கும், காணி உறுதியாக்கும் என்று நாங்கள் நினைத்தோம்.

"உயிரோடை வந்து சேந்ததே பெரிய காரியம். உதென்ன தம்பி கையிலை?" என்று எங்கள் ஐயா கேட்டார்.

"எட்டாம் நம்பர் கால், மாமா."

அவிழ்த்துக் காட்டினார். மரத்தில் கடைந்த ஒரு சோடிப் பாதம். சப்பாத்தை அதன்மேல் போர்த்தித்தான் தைப்பார்களாம். சொத்தெல்லாம் எரிந்தபோது மனிதர் தூக்கிக்கொண்டு ஓடியது இதைத்தான். ஐயா வெற்றிலைத் தட்டத்தை இழுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பல்கலைக்கழகத்துக்கு இரண்டு முறை எடுபடாமல் வீட்டில் இருந்துகொண்டு எல்லாரையும் நக்கலடிப்பதுதான் என் முழுநேர வேலை.

கொக்குவிலில் எங்கள் வளவின் பின்பக்கம் ரயில் பாதையைப் பார்த்தபடி ஒரு கொட்டில் இருந்தது. அத்தான் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு தையல் மெஷின், ரப்பர் அடி வார்க்க ஓர் இரும்பு அச்சு, அதைச் சூடாக்கி அழுத்த டயருக்கு ஒட்டுப்போடும் கடையிலிருந்து கழித்துவிட்ட ஒரு யந்திரம். ரயில் போகும்போது தட்டில் வைத்த மரப்பாதங்கள் தாமாகவே நகர்ந்து நுனிக்கு வந்து நிற்கும். வேலைக்கு என்னோடு சேர்த்து மூன்று பெண்கள். செய்தது எல்லாம் ஒரே வகை. கன்வஸ் துணியில், ஓடுவதற்கான சப்பாத்து.

"ஆர் அத்தான் இஞ்சை ஓடுறதுக்கெண்டு சப்பாத்து வாங்கப்போகினம்? செருப்புச் செய்யுங்கோ, விக்கும்," என்றேன்.

அவர் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையிலிருந்து கிழித்த பக்கம் ஒட்டியிருந்தது. முழுப் பக்கத்துக்கும் ஒரேயொரு சப்பாத்து, அதன் பக்கவாட்டில் ஒரு குறி. வேறு எழுத்தே இல்லை.

"உவங்கள் துவக்கத்திலை காருக்குப் பின்னாலை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய், ஓட்டப்போட்டி நடக்கிற இடத்திலை நிண்டு வித்தவங்கள். இண்டைக்கு உவங்கடை குறி அமெரிக்காவிலையும் தெரியும், ஆபிரிக்காவிலையும் தெரியும். பேரே போடத் தேவையில்லை. குறி மட்டும் காணும்."

"எங்களிட்டைக் காரில்லையே."

"சைக்கிள் இருக்குதுதானே."

இதை அவர் பகிடியாகச் சொல்லவில்லை. அந்தக் கொம்பனியின் கதையை எங்கே வாசித்தார், எவ்வளவு தானே கட்டிச் சேர்த்தார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் உலகம் முழுக்கத் தன் சப்பாத்து நடக்கவேண்டும் என்ற எண்ணம் அவரிடம் ஒரு காய்ச்சலைப்போல இருந்தது. ரப்பர்க் கலவை சரிவருகிறதா என்று பார்க்க அக்காவின் தோசைச்சட்டியில் ஊற்றிக் காய்ச்சி, அதை ஒன்றுக்கும் உதவாமல் ஆக்கினார். ஒரு மாதம் வீடெல்லாம் கருகின மணம். "மனுசர் தின்னுற சட்டி தெரியுமோ உது?" என்று அக்கா கத்தினாள். "அடி எப்பிடி வளையுது பார்," என்று அவர் அவளிடமே அந்தக் கறுப்பு வட்டத்தை நீட்டினார்.

குறியைக் கீறியவள் நான். சூரியன், மான், மின்னல் என்று ஒரு கொப்பி நிறையக் கீறிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். கார்த்திகை மழை விட்ட ஒருநாள் காலை என்னைக் கூட்டிக்கொண்டு போய், வெள்ளம் வடிந்த வயல் ஓரத்தைக் காட்டினார். சேற்றில் கொக்கு நடந்த தடம் வரிசையாகப் போயிருந்தது. "உதைக் கீறு," என்றார். அங்கேயே குந்தியிருந்து கீறினேன். விரிந்த மூன்று விரல், நடுவிரல் மற்ற இரண்டையும்விட ஒரு நெல்லளவு நீளம். அந்த நெல்லளவுதான் அவருக்கு மிகவும் பிடித்தது.

கொல்லன் பட்டடையில் கொடுத்து, அதை ஒரு புது அச்சுக்குள் புடைப்பாக நிற்கும்படி வெட்டுவித்தார். சப்பாத்தின் அடியில் குறி பள்ளமாக விழும். போட்டுக்கொண்டு நடந்தால் ஒவ்வோர் அடித்தடத்திலும் மண் மூன்று விரலாக எழும்பி நிற்கும். முதல் சோடியைப் போட்டுக்கொண்டு எங்கள் முற்றத்திலிருந்து ஒழுங்கைவரை பத்துத்தரம் மேலும் கீழும் நடந்தார். காலையில் முற்றம் கூட்டவந்த அக்காவிடம், அந்தத் தடங்களை அழிக்காமல் சுற்றிக் கூட்டச் சொன்னார். அவளும் புறுபுறுத்தபடி அப்படியே கூட்டினாள். எனக்கு அன்றைக்கு நக்கல் வரவில்லை. நான் கீறியது நிலத்தில் எழும்பி நிற்பதைப் பார்க்க நெஞ்சு நிறைந்துபோயிருந்தது.

தை, மாசி வந்தால் பள்ளிக்கூடங்களில் விளையாட்டுப் போட்டி தொடங்கிவிடும். அத்தான் சைக்கிள் கரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரூராகப் போனார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அந்நாளில் வெறுங்காலோடுதான் ஓடுவார்கள். யார் முதலாவது வந்தது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. யாருடைய கால் எப்படி ஊன்றியது என்று கேட்டால் சொல்வார். வட்டுக்கோட்டையில் நடந்த ஒரு போட்டியில்தான் சிவநேசனைக் கண்டார்.

சிவநேசன் உரும்பிராய்ப் பெடியன். தகப்பன் இல்லை. தாய் வெங்காயத் தோட்டமும் புகையிலைத் தோட்டமும் செய்து அவனையும் இரண்டு தங்கச்சிமாரையும் வளர்த்தாள். ஐயாயிரம் மீற்றர் ஓட்டத்தில் அன்றைக்கு முதலாவதாக வந்து, புல்லில் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தானாம். இவர் போய் அவனுடைய பாதத்தைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

"தம்பி, உன்ரை கால் எட்டு."

"எனக்கு வெறுங்கால்தான் பழக்கம், அண்ணை."

"பழக்கம் மாறும். இந்தா, பிடி."

முதல் போட்டியில் அந்தச் சப்பாத்தோடு ஓடி நாலாவதாக வந்தான். குதிக்கால் கொப்பளித்துவிட்டது. அத்தான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் உரும்பிராய்க்குப் போய், அவனை வெங்காயத் தறைகளுக்கு நடுவே ஓடவிட்டு, சிவந்த மண்ணில் விழும் தடத்தைக் குனிந்து பார்த்து, வந்து தையலை மாற்றி, அடியை மெலிதாக்கிக் கொண்டுபோனார். தாய் ஒவ்வொரு முறையும் ஒரு பை வெங்காயம் கொடுத்துவிடுவாள். கடைசியில் அவன் வடமாகாணப் போட்டியில் ஓடி வென்றான். ஒரு பத்திரிகையில் படம் வந்தது. முகம் சரியாக விழவில்லை. பின்னுக்கு உயர்ந்த காலும் அதன் அடியில் மூன்று விரலும் பளிச்சென்று தெரிந்தன.

"முகத்தை விடு. காலை மட்டும் வெட்டியெடு," என்றார் அத்தான். நான் வெட்டினேன். அதை வைத்துத்தான் விளம்பரத்தாள் அடித்தார். தேத்தண்ணிக் கடைகளில், பள்ளிக்கூட மதில்களில், பஸ் நிலையத்தில் எல்லாம் தலையில்லாத அந்தக் கால் ஓடிக்கொண்டிருந்தது. சிவநேசன் ஒருநாள் கொட்டிலுக்கு வந்து அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "உது நான்தான் எண்டு சொன்னா அம்மா நம்பமாட்டா, அக்கா," என்றான் என்னிடம். அவனுக்கு அது பெரிய பகிடி. எனக்கு ஏனோ அன்று அவன் முகத்தைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது.

பிறகு சப்பாத்து பறந்தது. சாவகச்சேரி, வவுனியா, மட்டக்களப்பு என்று கடைகளிலிருந்து கடிதம் வந்தது. கனடாவுக்குப் போயிருந்த ஒரு சொந்தக்காரப் பெடியனுக்கு ஒரு சோடி பார்சல் பண்ணினார். மூன்று மாதம் கழித்து ஒரு படம் வந்தது. வெள்ளை வெளேரென்று பனி, அதில் ஒரேயொரு தடம், மூன்று விரல். அத்தான் அதைப் பார்த்து அழுதார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்து, கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் காட்டினார்.

அந்தப் பெருமைக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கடைக்காரர் எங்கள் குறியைக் கொப்பி அடித்துச் சப்பாத்து விற்கத் தொடங்கினார். மூன்று விரலும் ஒரே நீளம். அத்தான் அதில் ஒரு சோடி வாங்கி, அந்தக் கடைப் படியிலேயே உட்கார்ந்து, கத்தியால் நாடா நாடாவாகக் கீறினார். சனம் கூடிவிட்டது. "எங்கடை எண்டா எங்கடை! இல்லாததை எங்கடை எண்டு சொல்ல விடமாட்டன்!" என்று கத்தினாராம். கூடப்போன ஐயா வெட்கத்தில் வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு சப்பாத்தைக் கையில் தருவார். எங்கடையா, கொப்பியா என்று தடவிப் பார்த்தே சொல்லவேண்டும். மற்ற இரண்டு பேரும் சில வேளை பிழை விடுவார்கள். நான் ஒருநாளும் விட்டதில்லை. பெருவிரல் நேரே நடுவிரலின் நுனிக்குப் போகும்; அந்த நெல்லளவு இருக்கிறதா, இல்லையா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். "என்ரை மச்சாளைக் கேளுங்கோ, அவள் சொல்லுவாள்," என்று வருகிறவர்களிடம் என்னைக் காட்டிப் பெருமை பொங்கப் புளுகுவார். நானும் அந்தப் பெருமையில் மிதந்தேன். அதை ஒளிக்கப்போவதில்லை.

அடுத்த மார்கழியில் ஒரு பின்னேரம், ஆமியோடு சண்டை பிடிக்கும் இயக்கப் பெடியள் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையான பெடியள். முப்பது சோடி வேண்டுமென்றார்கள். அத்தான் நம்பர்களைக் குறித்துக்கொண்டார்.

"அண்ணை, அடியிலை உந்தக் குறி இருக்கக்கூடாது," என்றான் மூத்தவன்.

அத்தானின் முகம் சுருங்கியது. குறி வெட்டுவதற்கு முந்திய பழைய அச்சு ஒன்று மூலையில் கிடந்தது. துரு எடுத்துத் துடைத்தால் பாவிக்கலாம். "சரி, பாப்பம்," என்று அனுப்பிவிட்டார். ஆனால் அந்த அச்சைத் தொடவில்லை. ஏற்கனவே செய்து வைத்த முப்பது சோடியை எடுத்து, குறியின் பள்ளத்துக்குள் சைக்கிள் ரியூப்புக்குப் பூசும் சொலூசனையும் ரப்பர்த் தூளையும் குழைத்து நிரப்பச் சொன்னார். பத்துச் சோடியை என் கையால் நிரப்பினேன். மேலே தேய்த்துவிட்டால் அடி மொழுமொழுவென்று இருந்தது.

"எவ்வளவு நாளைக்கு உது நிக்கும், அத்தான்?"

"நடந்தா ஒரு மாசம் நிக்கும். ஓடினா ஒரு கிழமை."

"அப்ப?"

"அப்பென்ன? ஓடட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கள்ளத்தனமான, சின்னப்பிள்ளைச் சிரிப்பு. எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறந்து, இது கூடாத வேலை என்று நான் சொல்லவில்லை.

தை மாதக் கடைசியில் ஓர் ஆமிக் காம்புக்குப் பக்கத்தில் சண்டை நடந்தது. மழை பெய்து ஈரமான தோட்டக் காணி. விடிந்து பார்த்தபோது மண் முழுக்கக் கொக்குக்கால். சேற்றில் புதைந்து கழன்ற ஒரு சப்பாத்தும் கிடைத்ததாம். இரண்டு நாளில் சந்தையெல்லாம் கதை பரவிவிட்டது. ஆமிக்காரர் அடையாள அட்டையைக் கேட்கமுதல் காலைத் தூக்கிக் காட்டச் சொல்கிறார்கள் என்றார்கள். கொக்குவிலில் சனம் சப்பாத்துகளைக் கிணற்றில் போட்டார்கள், வாழைக்குக் கீழே குழி தோண்டித் தாட்டார்கள். எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று வீட்டில் அடுப்புக்குள் ரப்பர் எரிந்த மணம்.

"உரும்பிராய்க்குப் போய் அந்தப் பெடியனிட்டைச் சொல்லுங்கோ, அத்தான். சப்பாத்தை எறியச் சொல்லுங்கோ."

"என்ரை வாயாலை எறி எண்டு சொல்லவோ?" என்று சீறினார். "பள்ளிக்கூடப் பிள்ளையள் போடுற சப்பாத்து அது. ஆமிக்காரருக்கும் விளங்கும்."

நான் போயிருக்கலாம். சைக்கிளில் அரை மணித்தியாலம். பக்கத்து வீட்டுப் பிள்ளை தினமும் உரும்பிராய்க்குப் படிக்கப் போகிறவள். ஒரு துண்டு எழுதிக் கொடுத்துவிட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை. பயம் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் உரும்பிராயைச் சுற்றிவளைத்தார்கள். சிவநேசனின் தாய்க்கும் ஏதோ கதை காதில் விழுந்திருக்கிறது. சேறு பட்ட சப்பாத்தைத்தான் தேடுகிறார்கள் என்று அவள் விளங்கிக்கொண்டாள். மகனின் சப்பாத்தைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய, வாசல் படியில் கவிழ்த்து வைத்தாள். அடி மேலே. மூன்று விரலும் வானத்தைப் பார்த்தபடி. ஆமி ஒழுங்கைக்குள் வந்தபோது மகனின் பாடக் கொப்பிகளைக்கூட அரிசிப் பானைக்குள் ஒளித்தவர்களுக்கு, சப்பாத்தை உள்ளே எடுக்கத் தோன்றவில்லை. சாமி விளக்கு எரியும் வீட்டுக்குள் சப்பாத்தைக் கொண்டுவருவது எங்கள் ஊர்களில் ஒருவருக்கும் மனதில் வராத காரியம். படியில் கிடந்ததைத் தூக்கிக்கொண்டு, "இது ஆற்றை?" என்று கேட்டார்கள். "என்ரை," என்று சிவநேசன் சொன்னான். கொண்டுபோய்விட்டார்கள்.

அவன் திரும்பி வரவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னால் முடியாது. அந்தக் கிழமையே அவர்களைத் தெற்குப் பக்கம் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். அதற்குமேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அத்தான் அச்சிலிருந்த குறியைத் தானே அரத்தால் அராவி எடுத்தார். மூன்று நாள் அராவினார். அதன்பிறகு அவர் செய்த எதிலும் எந்த அடையாளமும் இல்லை. தொண்ணூறுக்குப் பிறகு சாமான்கள் வராத காலத்தில் டயரை வெட்டிச் செருப்புச் செய்து விற்றார். பழக்கத்தில் யாராவது, "இது உங்கடைதானோ?" என்று கேட்டுவிட்டால், கையில்கூட வாங்கமாட்டார். "தெரியாது, தம்பி," என்று உள்ளே போய்விடுவார். தொண்ணூற்றைந்தில் ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது கொட்டிலில் இருந்து ஒரு ஊசியைக்கூட அவர் எடுக்கவில்லை. அந்த மார்கழி முடியமுதல், ஒரு தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் காய்ச்சலாகக் கிடந்து செத்துப்போனார்.

காம்பில் நடந்ததை இதுவரை அக்காவுக்குக்கூட நான் முழுதாகச் சொல்லவில்லை.

சிவநேசனைப் பிடித்த அடுத்த நாள் காலை அவனுடைய தாய் எங்கள் படலையில் வந்து நின்றாள். அத்தான் மறுபேச்சுப் பேசாமல் சட்டையை மாட்டினார். பள்ளிக்கூடங்கள் எழுதிய கடிதங்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டார். குறியைக் கீறியவள் என்று என்னையும் வரச் சொன்னார். காம்பு வாசலில் எங்கள் இருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். தாய் வெளியே பூவரச மரத்தடியில் நின்றாள்.

உள்ளே ஒரு மேசை. மேசையில் சிவநேசனின் சோடி, கழுவின வெள்ளை மாறாமல். அதற்குப் பக்கத்தில் சேறு காய்ந்த ஒற்றைச் சப்பாத்து. அதிகாரி சிங்களத்தில் பேசினார். கொழும்புத் தமிழ் பேசும் ஒரு நடுவயது எழுத்தர் மொழிபெயர்த்தார். கண்ணாடி போட்ட, களைத்த மனிதர்.

அத்தான் கடிதங்களை எடுத்து நீட்டினார். அதிகாரி வாங்கவில்லை. ஒற்றைச் சப்பாத்தைக் காட்டி ஏதோ கேட்டார்.

"இந்த ஒத்தச் சப்பாத்தும் ஒங்க எடத்துல செஞ்சதான்னு பெரியவர் கேக்கிறார்," என்றார் எழுத்தர். பிறகு குரலைத் தாழ்த்தாமல், முகத்தையும் மாற்றாமல், மெதுவாகச் சொன்னார்: "கடையில கொப்பிச் சாமானும் விக்கிதுன்னு நான் சொல்லியிருக்கேன். இது கொப்பின்னா அந்தப் பையனோடதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அவர் விட்டுருவார். நல்லாப் பாத்துச் சொல்லுங்க ஐயா. அவசரமில்ல."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்வது? கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்றார்.

அத்தான் அந்தச் சப்பாத்தைக் கையில் எடுத்தார். அடியைத் திருப்பினார். பெருவிரலால் சேற்றைத் தட்டிவிட்டுத் தையலைத் தடவினார். மூக்கருகே கொண்டுபோனார். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அந்த முகம் மலர்ந்தது.

"கொப்பியில்லை. எங்கடைதான்," என்றார். "எட்டாம் நம்பர். உந்தத் தையல் வேறை ஒருத்தரும் போடேலாது."

எழுத்தர் உடனே மொழிபெயர்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்க சொல்லுங்க. வயசானவர், கண்ணு சரியாத் தெரியாம இருக்கலாம். வேற எடத்துல செஞ்சதா இருக்கலாம் இல்லையா?"

அத்தானுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. சப்பாத்து என் கைக்கு வந்தது. என் பெருவிரல் என்னைக் கேட்காமலே நடுவிரலின் நுனிக்குப் போய்விட்டது. நெல்லளவு இருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் நான் குழைத்துப் பூசிய சொலூசன் ஒரு பொருக்காக ஒட்டியிருந்ததும் தட்டுப்பட்டது. அந்த மேசைக்கு முன்னால், அந்த மனிதர் அப்படிக் கெஞ்சுகிறமாதிரிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் தலையை ஆட்டினேன்.

"ஓம். எங்கடைதான்."

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நாங்கள் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி சிவநேசனின் சோடியில் ஒன்றையும் அந்த ஒற்றையையும் எடுத்து, இரண்டின் கயிற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, ஒரு கடதாசித் துண்டைக் கட்டி அலுமாரிக்குள் வைத்தார். அந்த முடிச்சைப் போடும்போதுதான் அத்தானுக்கு விளங்கியது. "ஐயா, இல்லை, பொறுங்கோ," என்று எழும்பினார். எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

பல வருடம் கழித்து, தென்மராட்சியில் காய்ச்சலில் கிடந்தபோது, நான் கேட்காமலே சொன்னார்: "பொய் சொல்லலாம் எண்டு எனக்கு அந்த நேரம் தோன்றேல்லை, பிள்ளை." எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

வாசலுக்கு வந்தோம். தாய் பூவரச மரத்தடியிலிருந்து ஓடிவந்தாள்.

"என்ன கேட்டவங்கள், தம்பி?"

"சப்பாத்தைப் பற்றிக் கேட்டவங்கள், அக்கா."

"என்ன சொன்னனீங்கள்?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"உள்ளதைச் சொன்னனாங்கள்," என்றார்.

அவள் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "காணும், தம்பி. உள்ளதைச் சொன்னாக் காணும். என்ரை பிள்ளை ஒரு பிழையும் செய்யேல்லை. விட்டிடுவாங்கள்." கண்ணைத் துடைத்தாள். வெயில் எவ்வளவு ஏறிவிட்டது என்று அண்ணாந்து பார்த்தாள். "கெதியா நடவுங்கோ, பிள்ளை. நேற்று மத்தியானத்திலை இருந்து சாப்பிட்டிருக்கமாட்டான். அவன் வாறதுக்குள்ளை உலை வைக்கவேணும்."

சொல்லிவிட்டு முன்னால் நடக்கத் தொடங்கினாள். அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை. அவளைக் கூப்பிட்டு நிறுத்தாமலே அத்தானும் நானும் பின்னால் போனோம்.